சாயத்தண்ணி கொட்டின புள்ளைக்குப் பற்பசை பூசலாமா? அடுப்பு, லயம், பிரட்டு நேரம்

மேட்டுலயம் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.10

இத எழுதலாமா வேணாமான்னு நாலு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எழுதிடுறேன்.

போன புதன்கிழமை விடிய அஞ்சேகால். என் தங்கச்சி மகனுக்கு ரெண்டு வயசாக இன்னும் ஒரு மாசம் இருக்கு. தங்கச்சி பிரட்டுக்குப் (தேயிலைத் தோட்டத்துல விடிய பேரு பதிஞ்சு வேலை பிரிக்கிற எடம்) போகணும். அதுக்குள்ள ரொட்டி தட்டி, சாயத்தண்ணி (பால் ஊத்தாத தேத்தண்ணி) ஊத்தி, பெரியவளுக்குத் தலை சீவி விட்டு, எல்லாம் ஒத்த ஆளா. ஊத்தின ஜக்க மேசைப் பலகையில வச்சிட்டு அடுப்புப் பக்கம் திரும்பியிருக்கா. பலகையில விரிச்ச பிளாஸ்டிக் சீட்டு நுனி கீழ தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தூங்கி எழும்பி வந்தவன் அதப் புடிச்சு இழுத்துட்டான். தோள், நெஞ்சு, எடது கை, எல்லாத்துலயும் கவுந்துருச்சு.

கத்துன கத்துல பணிய லயத்துல (கீழ இருக்கிற தோட்டத்து வரிசை வீடுங்க) இருந்தெல்லாம் ஆளு வந்துட்டாங்க. ஒருத்தர் பற்பசை, ஒருத்தர் முட்டை வெள்ளைக்கரு. எங்க அம்மாவே கோதுமை மாவ அள்ளிக்கிட்டு ஓடியாந்தாங்க. நான் ஒரு டீச்சர். நானும் நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன், மறைக்க ஒண்ணுமில்ல. இந்தச் சந்தடியில யாரும் புள்ளையோட சுவெட்டரக் கழட்டல. பத்து நிமிஷம் கழிச்சுக் கழட்டினப்போ அது இன்னும் சூடாத்தான் இருந்துச்சு. அந்த ஈரக் கம்பளி நூல் என் கையில பட்டது இன்னும் மறக்கல.

ஆஸ்பத்திரியில முதல் வேலையா அந்தப் பற்பசையக் கழுவி எடுத்தாங்க. சுட்டப்போ கத்தினத விட அப்பதான் அதிகமாக் கத்தினான். புள்ள இப்ப பரவால்ல, வாட்டுலதான் இருக்கான்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, அந்த நேரத்துல நாங்க என்ன செஞ்சிருக்கணும்? ரெண்டாவது, தங்கச்சிகிட்ட "நீங்க எங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க"ன்னு வெவ்வேற ஆளுங்க மூணு தடவ கேட்டாங்க. அவ இப்ப சாப்பிடுறதே இல்ல. நெசமாவே அவ தப்பா இது?

மஸ்கெலியாக்காரன்
ஞாயிறு, இரவு 9.32

தங்கச்சிக்கு ஆறுதல் சொல்லுங்க டீச்சர். புள்ள நல்லாயிரும்.

ஆனா ஒண்ணு, பற்பசைய ஏன் இப்படித் திட்டுறாங்கன்னு வெளங்கல. எங்க பாட்டி எனக்குப் பூசினாங்க, தழும்பே இல்லாம ஆறிருச்சு. பூசினவுடனே குளுகுளுன்னு இருக்கும்.

இரவுடியூட்டி
ஞாயிறு, இரவு 11.48

நான் மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணுல சத்திர சிகிச்சை வாட்டுல பதினாலு வருஷமா நர்ஸ். தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல எழுதுறேன், நீளமாப் போனா மன்னிச்சுக்கங்க.

மஸ்கெலியாத் தம்பி, உங்க பாட்டி பூசினது மேலோட்டமான சூடா இருந்திருக்கும். அது ஒண்ணுமே பூசாட்டியும் தழும்பில்லாம ஆறும். பேரு மட்டும் பற்பசைக்குப் போகுது. குளுகுளுன்னு இருக்கிறது அதுல உள்ள மெந்தோல் காட்டுற வித்தை. தோலுக்குள்ள இருக்கிற சூட்ட அது வெளிய எடுக்காது, மேல மூடி உள்ள வச்சிரும். சூடுபட்ட தோல் அடுப்புல இருந்து எறக்கின ரொட்டிக்கல்லு மாதிரி. நெருப்ப இழுத்துவிட்டாலும் கல்லு கொஞ்ச நேரம் சுட்டுக்கிட்டேதான் இருக்கும். அந்த நேரத்துலதான் மேலோட்டமா முடிய வேண்டிய காயம் ஆழமாப் போகுது.

டீச்சர் கேட்டதுக்கு வர்றேன். முதல்ல அந்த சுவெட்டர். நம்ம பக்கத்துப் புள்ளைங்க ரெண்டு மூணு உடுப்பு போட்டிருக்கும். கீழ்நாட்டுப் புள்ள மேல சுடுதண்ணி கொட்டினா பாதி தரையில ஓடிரும். நம்ம புள்ள மேல கொட்டினா கம்பளி அத்தனையும் குடிச்சு வச்சிக்கிட்டு, தோலோட சேர்த்துப் புடிச்சிக்கிட்டே இருக்கும். அதனால உடனே கழட்டணும். தலை வழியா இழுத்தா மொகத்துல படும், கத்திரிக்கோல் இருந்தா முன்பக்கம் வெட்டிருங்க. தோல்ல ஒட்டிக்கிட்ட துண்ட மட்டும் பிய்க்காம விட்டுட்டு சுத்தி வெட்டுங்க. வளையல், கொலுசு, கையில கட்டின கருப்புக் கயிறு, சூடு இடுப்புப் பக்கம்னா அரைஞாண், எல்லாம் அப்பவே கழட்டணும். ஒரு மணித்தியாலத்துல வீங்கிரும், பிறகு அறுத்துதான் எடுக்கணும்.

அடுத்து தண்ணி, ஓடுற தண்ணி, 20 நிமிஷம். ரெண்டு நிமிஷம் கழுவிட்டு ஓடி வர்றவங்கதான் நூத்துக்குத் தொண்ணூறு. மணிக்கூட்டப் பார்த்து 20. இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது: சுட்டு மூணு மணித்தியாலத்துக்குள்ள எப்ப தண்ணி ஊத்தினாலும் பலன் இருக்கு. "அப்பவே செய்யலையே"ன்னு விட்டுறாதீங்க. ஐஸ் வைக்காதீங்க, ரத்த ஓட்டத்த நிப்பாட்டி இன்னும் கெடுத்துரும்.

கொப்புளத்த உடைக்காதீங்க. துவைச்சுக் காய வச்ச பஞ்சு ஒட்டாத துணிய தளர்வா மேல போட்டுக் கொண்டாங்க. கையின்னா புது பொலித்தீன் பை ஒண்ணுக்குள்ள விட்டுக்கூடக் கொண்டு வரலாம்.

ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு, வாட்டுல மணி அடிக்குது, பிறகு வர்றேன்.

பழைய கிளாக்கர்
திங்கள், காலை 6.05

நல்ல விளக்கம் மிஸ். ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் மார்கழி, தை மாதங்களில் விடிய ஐந்து மணிக்குப் பீலித் தண்ணீரில் (மலையிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீர்) கை வைத்தால் பெரியவர்களுக்கே எலும்பு வலிக்கும். இரண்டு வயதுக் குழந்தையை இருபது நிமிடம் அதில் பிடித்தால் ஜன்னி வந்துவிடாதா? இந்த இருபது நிமிடக் கணக்கு கொழும்புக்காரர்களுக்கு எழுதியது போல் இருக்கிறது.

இரவுடியூட்டி
திங்கள், காலை 7.40

ஐயா, டியூட்டி முடிஞ்சு பஸ்ல இருந்து எழுதுறேன். நீங்க கேட்டதுதான் இந்த இழையிலயே முக்கியமான கேள்வி.

குளிர வைக்க வேண்டியது சுட்ட இடத்த மட்டும், புள்ளைய இல்ல. கையில பட்டா கை மட்டும் பீலிக்குக் கீழ. மத்த உடம்பு காய்ஞ்ச கம்பளியில, தலையில தொப்பி, அம்மா மடியில நெஞ்சோட அணைச்சு. நெஞ்சு, தோள்னா கோப்பையால அள்ளி அந்த எடத்துல மட்டும் ஊத்திக்கிட்டே இருங்க, வழியுற தண்ணி மத்த துணிய நனைக்காமப் பார்த்துக்கங்க. தொட்டிக்குள்ள முழுசா எறக்கக் கூடாது. முதுகு முழுக்க, ரெண்டு காலும் முழுக்கன்னு பெரிய காயமா இருந்தா, இல்ல புள்ள நடுங்கி சோர்ந்து போச்சுன்னா, 20 நிமிஷத்துக்குக் காத்திருக்காம நிப்பாட்டி மூடிக் கொண்டு வாங்க.

நூல்ல எழுதியிருக்கிற நல்ல சூட்டளவு 15 பாகை அளவு. கொழும்புக் குழாய்த் தண்ணி அதுக்குக் கிட்டவே வராது. நம்ம பீலித் தண்ணி கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். வேற எதுல கீழ்நாட்ட விட நமக்கு வசதி இருக்குன்னு தெரியல, இதுல இருக்கு.

மஸ்கெலியாக்காரன்
திங்கள், காலை 8.15

சரி மிஸ், பற்பசைய விட்டுட்டேன் 🙏 பாட்டிகிட்ட யாரு சொல்றதுன்னுதான் தெரியல.

பசறைப்பையன்
திங்கள், காலை 10.22

வாழைக்குருத்து வைக்கலாமா? எங்க ஊருல அதான் வழக்கம். ஆஸ்பத்திரியிலயே சில நாட்டுல வைக்கிறாங்கன்னு எங்கயோ படிச்சேன்.

இரவுடியூட்டி
திங்கள், பகல் 1.30

வைக்கிறாங்க, உண்மை. அது கிருமி நீக்கின இலை, காயத்துல ஒட்டாம இருக்க கட்டுக்குக் கீழ வைக்கிறது. நீங்க தோட்டத்துல ஒடிச்ச இலை வேற. முதல் 20 நிமிஷத்துல இலைக்கு வேலையே இல்ல, தண்ணிக்குத்தான்.

பழைய கிளாக்கர்
திங்கள், பகல் 2.10

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊதா மருந்து பூசி அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் ஊதாக் கையோடு இருந்த காலம். இப்போது ஏன் இல்லை?

இரவுடியூட்டி
திங்கள், பகல் 2.25

சாயம் பூசினா காயம் எவ்வளவு ஆழம்னு டாக்டருக்குத் தெரியாது ஐயா. சிவப்பா, வெள்ளையா, அமுக்கினா வெளுத்துத் திரும்பச் சிவக்குதான்னு பார்த்துத்தான் முடிவு செய்வாங்க.

லயத்துக்குரல்
திங்கள், மாலை 6.50

எல்லாரும் தண்ணி, இலைன்னு பேசுறீங்க. டீச்சரோட ரெண்டாவது கேள்விக்கு ஒருத்தரும் வரல. நான் சொல்றேன். தங்கச்சி தப்பு இல்ல. பத்துக்குப் பன்னெண்டு அடி காம்பரா. அதுல ஆறு பேரு. அடுப்பு இஸ்தோப்புல (முன் திண்ணையில), இல்ல பின்பக்கம் தகரம் அடிச்சு எறக்கின மூலையில. புள்ள நடக்குற வழியும் கேத்தல் தூக்கிப் போற வழியும் ஒண்ணுதான். தனி சமையலறை, கதவு, இடுப்பளவு மேடை இருக்கிற வீட்டுல இருந்துக்கிட்டு "கவனமாப் பார்த்துக்கங்க"ன்னு சொல்றது லேசு. நம்ம சனம் இந்த மலைக்கு வந்து 1823ல இருந்து 2023 வரைக்கும் இருநூறு வருஷம்னு விழா எடுத்தோம். வெள்ளைக்காரன் கட்டின அந்தக் காம்பராவுலதான் இன்னும் அடுப்பு எரியுது.

இன்னொண்ணும் இருக்கு. பல லயத்துல நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேல எல்லாக் காம்பராவுக்கும் ஒரே வெளி. ஒருத்தர் வீட்டுல வயர் ஷோர்ட்டாகித் தீ புடிச்சா, சுவரத் தாண்டி மரச்சட்டம் வழியா தொங்கல் வீடு (கடைசி வீடு) வரைக்கும் ஓடிரும். வருஷா வருஷம் பேப்பருல படம் பார்க்குறோம், எரிஞ்சுபோன லயமும் பாடசாலையில தங்கின குடும்பங்களும். தீயணைப்பு வண்டி நுவரெலியாவுல இருந்தோ ஹட்டன்ல இருந்தோ தோட்டத்து ரோட்டுல ஏறி வர்றதுக்குள்ள தகரம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். காணி, தனி வீடு கேட்டா அரசியல்ங்கிறாங்க.

மட்டுறுத்துநர்
திங்கள், இரவு 7.15

வீட்டுரிமைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தீக்காயத் தடுப்போடு நிற்போம்.

லயத்துக்குரல்
திங்கள், இரவு 7.18

வீடுதாங்க தீக்காயத் தடுப்பு.

மட்டுறுத்துநர்
திங்கள், இரவு 7.40

சரி, இருக்கட்டும். தொடருங்கள்.

நாலுபுள்ளைக்காரி
திங்கள், இரவு 8.30

வீடு சின்னதுதான். ஆனா அந்தச் சின்ன வீட்டுல விடிய அஞ்சேகாலுக்கு இன்னொரு ஆளு இருந்திருக்காருல்ல? டீச்சர், கோவிச்சுக்காதீங்க. தங்கச்சி ரொட்டி தட்டுறா, சாயம் ஊத்துறா, தலை சீவுறா. புள்ளையோட அப்பா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு? அந்தக் கேள்விய ஆஸ்பத்திரியில யாராச்சும் கேட்டாங்களா?

எங்க வீட்டுல சொல்லிப்புட்டேன். காலைல அடுப்பு என்னோடது, புள்ள உங்களோடது. அடுப்பு அணையுற வரைக்கும் கடைசிப் புள்ள உங்க இடுப்புல இருக்கணும். முதல்ல மொறைச்சாரு. இப்ப அவரே இஸ்தோப்புல உக்காந்து புள்ளைக்குக் கதை சொல்றாரு, எல்லாம் பொய்க்கதை.

மேட்டுலயம்
திங்கள், இரவு 9.05

கோவம் இல்ல அக்கா. அவரு படுத்திருந்தாரு. யாரும் கேக்கல. எனக்கே கேக்கத் தோணல.

இரவுடியூட்டி
செவ்வாய், அதிகாலை 2.15

சொன்ன மாதிரி திரும்ப வந்துட்டேன்.

பதினாலு வருஷத்துல நான் பார்த்த சின்னப் பிள்ளைகள்ல பெரும்பாலானவங்க நெருப்புல சுட்டவங்க இல்ல. சுடுதண்ணி, தேத்தண்ணி, சோத்துக் கஞ்சி, பருப்பு. ஒண்ணரை வயசுல இருந்து மூணு வயசுக்குள்ள. நடக்கத் தெரியும், கை எட்டும், சூடுன்னா என்னன்னு தெரியாது. தோலும் நம்ம தோல விட மெல்லிசு. 70 பாகைத் தண்ணி பட்டா ஒரு நொடி போதும், 60ன்னாலும் சில நொடிதான். பால் ஊத்தாத சாயத்தண்ணி ஊத்திக் கால் மணித்தியாலம் கழிச்சும் புள்ளையச் சுடும்.

பிள்ளைங்க சுட்டு வர்ற நேரத்தையும் கவனிச்சிருக்கேன். விடிய, பிரட்டுக்கு முன்னால. சாயந்தரம், கொழுந்து நிறை போட்டுட்டு வந்து அடுப்பு மூட்டுற நேரம். பகல்ல குறைவு, ஏன்னா அந்த வயசுப் பிள்ளைங்க பிள்ளை மடுவத்துல (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துல) இருக்காங்க. ஒரே தாய், ஒரே பிள்ளை, நேரம் மட்டும்தான் வேற. அதனால கவனக்குறைவுன்னு டிக்கட்டுல (நோயாளிப் பதிவுல) எழுதுறப்போ எனக்குக் கை கூசும். "எங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க"ன்னு நானும் ஆரம்பத்துல கேட்டிருக்கேன். ஒரு நாள் ஒரு அம்மா, "அடுப்பத்தான் மிஸ்"ன்னு சொன்னாங்க. அதோட விட்டுட்டேன்.

தங்கச்சிகிட்ட இதச் சொல்லுங்க டீச்சர். அவங்க கண்ணு தப்பு பண்ணல. தொங்கின அந்த பிளாஸ்டிக் சீட்டும், அந்த உயரமும்தான்.

பௌதிகம்
செவ்வாய், காலை 9.00

நுவரெலியாவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு சின்ன இடைச்செருகல். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே ஏறக்குறைய 94லேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவது அதனால்தான். "மலையில் சுடுதண்ணி அவ்வளவு சுடாது" என்று ஒரு மாணவன் சொன்னான். 94க்கும் 100க்கும் தோலுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்று விளங்கப்படுத்த ஒரு பாடவேளை போய்விட்டது.

குளிக்கச் சுடுதண்ணீர் கலக்கும்போது எது முதலில் என்று கேட்டால் பாதி வகுப்பு தப்பாகச் சொல்கிறது. பேசினுக்குள் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்ற வேண்டும். பிறகுதான் கொதித்த தண்ணீர். மாற்றிச் செய்தால், பச்சைத் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போய் வரும் அந்த இரண்டு நிமிடத்தில் தரையில் கொதிநீர்ப் பேசின் ஒன்று குழந்தையின் உயரத்திலேயே காத்திருக்கும்.

கேஸ்வண்டி
செவ்வாய், பகல் 12.45

நான் சிலிண்டர் ஏத்தி எறக்குற வேலை. ஒரு நாளைக்கு அம்பது குசினியப் பார்ப்பேன், அதனால சொல்றேன்.

2021 கடைசியில நாடு முழுக்க கேஸ் அடுப்பு வெடிச்சுச்சே, கலவை மாறிருச்சுன்னு பெரிய பேச்சு. அதுல பயந்து பாதிச் சனம் வெறகுக்குப் போயிருச்சு. பிறகு 2022ல கேஸே இல்ல, மிச்சப் பாதியும் போயிருச்சு. இப்ப கேஸ் திரும்ப வந்துருச்சு, ஆனா வெறகடுப்ப யாரும் எடுக்கல. ஒரே குசினியில வெறகடுப்பும் சிலிண்டரும் மூணடி தூரத்துல நிக்குது. பலதடவ சொல்லியாச்சு, "எடம் இல்ல தம்பி"ம்பாங்க.

கேஸ் காத்த விடக் கனம். கசிஞ்சா தரையில தண்ணி மாதிரி பரவி நிக்கும். நம்ம ஆளுங்க குளிருக்கு சன்னல் இடுக்குல கூட துணி அடைச்சு வச்சிருப்பாங்க. ராத்திரி முழுக்கக் கசிஞ்சு விடிய நெருப்புக்குச்சி உரசினா அவ்வளவுதான். வாசம் வந்தா சுவிட்ச் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவத் தொறந்து, ரெகுலேட்டர மூடி, வெளிய வாங்க. மாட்டினதும் சவக்காரத் தண்ணிய டியூப்புலயும் வாயிலயும் தேய்ங்க, முட்டை விட்டா கசிவு. நெருப்புக்குச்சிய வச்சுப் பார்க்குற மாமா ஒருத்தர் இருக்காரு. அவரு வீட்டு வாசல்லயே எறக்கி வச்சிட்டு வந்துருவேன்.

பழைய கிளாக்கர்
செவ்வாய், மாலை 4.20

விறகு என்றதும் மண்ணெண்ணெய் நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் ஈர விறகு பிடிக்காது. எரிகிற அடுப்பிலேயே போத்தலைச் சாய்ப்பார்கள். தீ எண்ணெயின் வழியே போத்தலுக்கு ஏறிவிடும். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது அந்தப் பழக்கம் கொஞ்சம் குறைந்தது. விலையேற்றத்தால் வந்த ஒரே நன்மை.

குப்பி விளக்கைப் பற்றி இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பழைய மருந்துப் போத்தலில் எண்ணெய் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டால் விளக்கு. உயரம், மெல்லிய கண்ணாடி, பிடிப்பில்லாத மூடி. பூனை தட்டினாலும் உருளும். உருண்டால் எண்ணெய் பாயிலும் உடுப்பிலும் ஊறி எரியும். இந்த நாட்டில் அப்படிச் சுட்டவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காத ஒரு சத்திர சிகிச்சை நிபுணர், விஜய கொடகும்புர, பாதுகாப்பான விளக்கு ஒன்றை வடிவமைத்தார். "சுதீப்ப" என்று பெயர். குள்ளமானது, தடித்த கண்ணாடி, இரண்டு பக்கம் தட்டையானது, திருகு மூடி உடையது. விழுந்தாலும் உருளாது, மூடி கழலாது, எளிதில் உடையாது. மார்மைட் போத்தலின் குட்டை உருவம்தான் அவருக்கு யோசனை தந்ததாம். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சத்திர சிகிச்சை செய்கிறவர் கண்ணாடிப் போத்தலின் அடிப்பாகத்தைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இப்போது கரண்ட் இருக்கிறது என்பீர்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது எங்கள் லயத்தில் எத்தனை குப்பி விளக்கு திரும்ப எரிந்தது என்று எனக்குத் தெரியும்.

பசறைப்பையன்
செவ்வாய், மாலை 5.02

ஐயா, எங்க வீட்டுல அப்போ பெற்றோலயே தண்ணிப் போத்தல்ல அடைச்சுக் கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தோம். மூணு மாசம் அதுக்கு மேலதான் தூங்கினேன். இப்ப நெனச்சா வயித்தக் கலக்குது.

இடதுகைக்காரி
செவ்வாய், இரவு 10.55

இந்த மன்றத்துல வாசிக்க மட்டும்தான் வருவேன். எழுதினதே இல்ல.

எனக்கு அஞ்சு வயசுல தீபாவளிக்கு நைலோன் கவுன் எடுத்துக் கொடுத்தாங்க. ரோஸ் கலரு. கம்பி மத்தாப்பு கொளுத்தினப்போ பொறி கவுன்ல புடிச்சிருச்சு. நைலோன் எரியுறதோட நிக்காது, உருகும். உருகித் தோல்ல ஒட்டும். நான் ஓடினேன். ஓடினா காத்துல இன்னும் புடிக்கும்னு எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? எங்க தாத்தா அவரு போத்தியிருந்த கருப்புக் கம்பளிய என் மேல போட்டுக் கீழ தள்ளி உருட்டினாரு. அவரு பள்ளிக்கூடமே போகாதவரு. கம்பளியில நெருப்பு லேசுல புடிக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனாலதான் நான் இத எழுதுறேன்.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பிறகு நடந்தது. வலது கையும் சுட்டுருச்சு. ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பார்த்தாங்க. துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டப்போ விரலுக்கு ஒரு அச்சுக் கட்டு கொடுத்து, ராத்திரியில போட்டு விரிச்சு வைக்கணும், மாசா மாசம் கிளினிக் வரணும்னாங்க. கிளினிக் போனா அம்மாவுக்கு ஒரு பேரு (ஒரு நாள் சம்பளம்) போயிரும். பஸ்ஸுக்கும் காசு வேணும். காயம்தான் ஆறிருச்சேன்னு மூணாவது மாசத்தோட நிப்பாட்டிட்டாங்க. காயம் ஆறினாலும் தழும்பு சுருங்கிக்கிட்டே இருக்கும். ஒரு வருஷத்துல மூணு வெரலு உள்ளங்கையோட மடங்கிருச்சு. ஆறாம் வகுப்புல இருந்து எடது கையால எழுதப் பழகினேன். கொழுந்து எடுக்க ரெண்டு கையும் வேணும், அதனால மலைக்கும் போக முடியல. அம்மாவ நான் குறை சொல்லல, ஒரு பேருன்னா அந்த வாரத்து அரிசி.

டீச்சர், கிளினிக்க மட்டும் விட்டுறாதீங்க. தங்கச்சி போக முடியாட்டி நீங்க லீவு போட்டுக் கூட்டிட்டுப் போங்க.

இரவுடியூட்டி
புதன், அதிகாலை 1.10

இடதுகைக்காரி அக்கா, உங்க தாத்தா செஞ்சதத்தான் இப்ப நாங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்குறோம். ஓடாதே, படு, உருளு.

மடங்கின விரல இப்பவும் விடுவிக்க வழி இருக்கலாம். பிளாஸ்டிக் சத்திர சிகிச்சை கிளினிக்ல ஒரு தடவ காட்டுங்க. எத்தனை வருஷம் ஆனாலும் காட்டலாம். எந்த நாள் போகணும்னு தனிமடல்ல சொல்றேன்.

டீச்சர், உங்களுக்கும் சேர்த்து: காயம் முழுசா மூடின பிறகு எண்ணெய் தடவி நீவி விடணும், அதுக்கு முன்னால கூடாது. புதுத் தோல்ல வெயில் படாமப் பார்த்துக்கங்க. மேகமா இருக்குன்னு ஏமாறாதீங்க, மலை வெயில் தெரியாமச் சுடும். மடங்குற எடம் எல்லாத்தையும் ஆட்டி விளையாட விடுங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எது ஆஸ்பத்திரிக்கு வரணும்னு கேப்பாங்க. அஞ்சு வயசுக்குக் கீழன்னா கொப்புளம் போட்ட எதுவா இருந்தாலும் வாங்க. மொகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு, கரண்ட் அடிச்சது, அளவு பார்க்காம வாங்க. புள்ளையோட உள்ளங்கை விரலோட சேர்த்து அது உடம்புல நூத்துல ஒண்ணு. அப்படி பத்துக் கை அளவு போச்சுன்னா நாளத்துல தண்ணி ஏத்தணும், வழியில கடையில நிக்காதீங்க. 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ரோட்டுக்கு ஏற முடியாத லயம்னா பிரதான ரோட்டு வரைக்கும் தூக்கிட்டு வந்து நில்லுங்க, போன்ல எடத்தச் சொல்லுங்க.

நாலுபுள்ளைக்காரி
புதன், காலை 8.20

இடதுகைக்காரி தங்கச்சி, நீ எழுதினத வீட்டுல சத்தமா வாசிச்சேன். எங்க வீட்டுக்காரரு பேசாம எழும்பிப் போயி, மகளோட நைலோன் பாவாடைய எடுத்துப் பெட்டி அடியில வச்சிட்டாரு. தீபாவளிக்குப் பருத்திதான்.

மேட்டுலயம்
சனி, இரவு 8.45

நேத்து வீட்டுக்கு விட்டுட்டாங்க. தோல்ல மேலோட்டமாத்தான் போயிருக்கு, ஒட்டுப் போடத் தேவையில்லன்னு சொன்னாங்க. முழங்கை மடிப்புல மட்டும் கொஞ்சம் ஆழம். அடுத்த கிளினிக் திங்கக்கிழமை. நான் லீவு எழுதிக் கொடுத்துட்டேன்.

மிஸ் எழுதினத தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். "அடுப்பத்தான் மிஸ்"னு அந்த அம்மா சொன்ன எடத்துல அழுதா. பிறகு சாப்பிட்டா.

பிளாஸ்டிக் சீட்டு அடுப்புக்குப் போகல, குப்பைக்குப் போச்சு. ஜக்குக்குப் பதிலா மூடி திருகுற பிளாஸ்க் வாங்கியாச்சு. மச்சான் காலைல எழும்புறாரு. எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம். அவரே தேயிலைப் பெட்டிப் பலகையில அடுப்பு மூலைக்கு ஒரு தடுப்பு அடிச்சிருக்காரு, கீல் வச்ச சின்னக் கதவோட. அம்மா மட்டும் இன்னும் கோதுமை மாவு நல்லதுன்னுதான் சொல்றாங்க.

லயத்துக்குரல்
சனி, இரவு 9.15

அந்தத் தடுப்பு என்ன உயரம் டீச்சர்? எங்க வீட்டுக்கும் அடிக்கலாம்னு பார்க்குறேன். வீடு வர்ற வரைக்கும்.

மேட்டுலயம்
சனி, இரவு 9.40

ரெண்டடி. இன்னைக்குச் சாயந்தரம் கட்டுப் போட்ட கையோட அதுல ஒரு காலத் தூக்கி வச்சிட்டான். நீங்க மூணடியா அடிங்க. குறுக்குச் சட்டத்த அடுப்புப் பக்கமா வைங்க, வெளிப்பக்கம் வச்சா ஏணியாயிரும்.